எலி கடிச்ச பட்டை

எங்க தெருவுல எல்லா வீட்டு அலமாரியிலயும் துணிமணி இருக்கும், பாத்திரம் இருக்கும். எங்க பக்கத்து வீட்டு அலமாரியில மட்டும் தலையே இல்லாம தலைக்கவசமா வரிசை கட்டி நிக்கும். அந்த வீட்டு அண்ணனுக்குன்னு ஒரு பேரு இருக்கத்தான் செய்யுது. ஆனா தபால்காரர்ல இருந்து தண்ணி கேன் போடுறவர் வரைக்கும் அவரைத் தொப்பிக்காரர்னு சொன்னாத்தான் தெரியும். கவசத்தைப் போயி தொப்பின்னு சொல்றதுல அண்ணனுக்குக் கோபம் வரும். அதனாலேயே நான் தொப்பின்னுதான் சொல்லுவேன்.

அண்ணனுக்குத் தொழில் வண்டி சீட்டுக்கு உறை தைக்கிறது. வீட்டு முன்பக்கம்தான் பட்டறை. அவர் பட்டறைக்கும் என் சலவைக்கடைக்கும் ஒரே சுவரு. நான் இந்தப் பக்கம் இஸ்திரிப் பெட்டியை ஓங்கி வச்சா, அந்தப் பக்கம் ஆணியில தொங்குற கத்தரிக்கோல் ஆடும். லாரி சீட்டுன்னா சும்மாவா? டிரைவரோட வேர்வை ஊறி, ஃபோம் பொடிஞ்சு, உள்ள இருக்கிற கம்பி வெளிய துருத்திக்கிட்டு வரும். பிரிச்ச பழைய உறையை அண்ணன் உடனே தூக்கிப் போட மாட்டாரு. தரையில விரிச்சு, எங்க இழுபட்டுது, எங்க தேஞ்சுதுன்னு தடவிப் பார்த்துட்டுத்தான் புதுசு வெட்டுவாரு. "இந்த டிரைவருக்கு இடுப்பு வலி, ஒரு பக்கமாவே சாஞ்சு உக்காந்திருக்கான்" அப்படிம்பாரு. வண்டி எடுக்க வர்றவன்கிட்ட நான் போட்டு வாங்கிப் பார்த்திருக்கேன், ஆமான்னுதான் சொல்லுவான். அப்பேர்ப்பட்ட கண்ணு அது. அண்ணன்கிட்ட இதை நான் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்ல, சொன்னா தலைக்கு மேல ஏறிக்குவாரு.

அண்ணன் கையில மொத்தமான வார், தோல், கையூசி. அண்ணி மிஷின். ரெண்டு பேரும் எதிரும் புதிருமா உக்காந்து பொழுதுக்கும் தைப்பாங்க, பேச்சே இருக்காது. அண்ணி ரொம்ப அளந்து பேசுறவங்க. நான் பேசுற பேச்சுல கால்வாசி அவங்க பேசியிருந்தா எனக்கு வாய் வலி மிச்சம். பிள்ளைங்க ரெண்டும் வெளியூர்ல வேலையில இருக்குதுங்க. அதுங்க படுத்த ரூம்லதான் இப்ப கவசமெல்லாம் குடியிருக்கு.

அண்ணன் சேக்குறது சாதாரணப் பட்டாளத்துக்காரங்க போடுற கவசம் இல்ல. விமானத்துல இருந்து குடை கட்டிக்கிட்டுக் குதிக்கிறாங்களே, அவங்களோடது. அதுவும் பழசு மட்டும்தான். தரையில நிக்கிறவனுக்குத் தாடைக்குக் கீழ நூல்ல நெஞ்ச ஒத்தை வார் போதுமாம். குதிக்கிறவனுக்கு அது பத்தாது. கதவை விட்டுக் காலை எடுத்ததும் காத்து கவசத்தைப் பிடுங்கிக்கிட்டுப் போயிடும். அதனால ரெண்டு காதுப் பக்கமும் வார் ரெண்டு ரெண்டா பிரிஞ்சு வந்து, தாடைக்குக் கீழ ஒரு தோல் கிண்ணத்துல சேரும். கிண்ணம் தாடையைக் கவ்விக்கிட்டு விடாது. இது மொத்தத்துக்கும் சேர்த்துத்தான் பட்டைன்னு பேரு. இதையெல்லாம் நான் விரும்பிக் கத்துக்கல. ஒரே சுவத்துக்கு இந்தப் பக்கம் இருந்தா காதுல விழுந்துதானே ஆகணும்.

எதுவும் ஒரே எடத்துல முழுசாக் கிடைக்காதாம். இரும்பு ஓடு எங்கயாவது கோழிக்குத் தண்ணி வைக்கிற சட்டியாக் கிடக்கும். உள்ள வைக்கிற கூடு யார் வீட்டுப் பரண்லயாவது ஒட்டடையோட இருக்கும். ஒரு திருகாணிக்காக அண்ணன் ரெண்டு பஸ் மாறிப் போயிட்டு வருவாரு. இதுக்குன்னே ஊர் ஊரா நாலஞ்சு பைத்தியங்க உண்டு, அதுங்களுக்குள்ள ஒரு வழக்கமும் உண்டு. ஓடு எந்த வருஷத்துதோ அந்த வருஷத்துக் கூடு, அந்த வருஷத்துப் பட்டை, அந்த வருஷத்துத் திருகாணி இருந்தாத்தான் கவசம் சரியானதுன்னு அர்த்தம். அதுக்காக மூணை உடைச்சு ஒண்ணைச் சேர்ப்பாங்க. உடைச்சதுல மிஞ்சினதை அவங்களுக்குள்ள மாத்திக்குவாங்க. ஒரு திருகாணி வேற வருஷத்துதுன்னு தெரிஞ்சாப் போதும், அண்ணனுக்கு அன்னைக்குச் சோறு எறங்காது.

இந்தப் பைத்தியம் ஆரம்பிச்சது அண்ணியோட தம்பியால. தம்பின்னா கூடப் பிறந்தது மட்டுமா, அண்ணிதான் இடுப்புல தூக்கி வளர்த்தாங்க. அவங்க அம்மா எப்பவும் சீக்கு. அந்தத் தம்பி வளர்ந்து, மீசை மொளைச்சு, குதிக்கிற படையில போய்ச் சேர்ந்தாரு. காத்து பலமா அடிச்ச ஒரு பயிற்சி நாள்ல குதிச்சவரு எந்திரிக்கல. அவரோட சாமானெல்லாம் ஒரு தகரப் பெட்டியில வந்துச்சு. அம்மா அதைப் பூட்டி வச்சவங்கதான், கடைசி வரைக்கும் தொறக்கவே இல்ல. அவங்க காலத்துக்குப் பிறகு பெட்டி அண்ணி பங்குக்கு வந்துச்சு. அண்ணிக்கும் தொறக்க மனசு வரல. அண்ணன்தான் தொறந்தாரு. உள்ள இருந்த கவசம் துருவேறி, தோல் விறைச்சுக் கிடந்துச்சு. ஒரு மழைக்காலம் முழுக்க அதையே கட்டிக்கிட்டு அழுதாரு. துருவை நீவி எடுத்து, கூட்டைத் தொடைச்சு, தோலுக்கு எண்ணெய் காட்டி, தம்பி தலையில இருந்தப்ப எப்படி இருந்திருக்குமோ அப்படியே பண்ணி அண்ணி கையில குடுத்தாரு. அளந்து பேசுற அண்ணி அன்னைக்கு வாய்விட்டு அழுதாங்க. அதைச் சரி பண்ணத் தேடித் தேடிக் கத்துக்கிட்ட பாடம்தான் அப்புறம் அலமாரி அலமாரியாப் பெருகினது.

அந்தக் கவசம் அலமாரியில கண்மட்டத்துல இருக்கும். அண்ணி தெனமும் காலையில மிஷினுக்குப் போறதுக்கு முன்னாடி அது முன்னால நிப்பாங்க. தாடைக் கிண்ணத்துக்குள்ள ரெண்டு விரலை வச்சு எடுப்பாங்க. அவ்வளவுதான். "இதுலதானே அவன் தாடை இருந்துச்சு"ன்னு ஒரே ஒரு தடவை என்கிட்டச் சொல்லியிருக்காங்க.

மழை விட்டு விட்டுப் பெய்ஞ்ச வாரம் அது. எனக்குத் துணி காயல. அண்ணனுக்குத் தோல்ல பூஞ்சை பூக்குதுன்னு அலமாரிக்குள்ள பல்பைப் போட்டு எரிய விட்டிருந்தாரு. அப்பத்தான் அண்ணிக்கு ஒரு போன் வந்துச்சு. தம்பியோட ஒரே கூடாரத்துல இருந்தவராம், ஒண்ணாக் குதிச்சவராம். இப்ப பள்ளிக்கூட வேன் ஓட்டுறாராம். எத்தனையோ வருஷமாத் தேடி, இப்பத்தான் நம்பர் கிடைச்சுதுன்னாரு. தம்பியோட கவசம் உங்ககிட்ட இருக்குன்னு கேள்விப்பட்டேன், அந்தப் பட்டை இன்னும் அதுலதான் இருக்கா, அதை ஒரு தடவை என் கண்ணால பார்க்கணும், எதுக்குன்னு நேர்ல சொல்றேன்னு கேட்டிருக்காரு. அண்ணி சந்தோஷமாச் சொன்னாங்க: "எல்லாம் அப்படியே இருக்கு. அவன் போட்டிருந்தது போட்டிருந்தபடியே இருக்கு. ஞாயித்துக்கிழமை வாங்க." சுவத்துக்கு இந்தப் பக்கம் நின்ன எனக்கே கேட்டுச்சு.

கொஞ்ச நேரத்துல அண்ணன் என் கடைக்கு வந்தாரு, கையில துணி இல்ல. கட்டை விரல்ல ஊசி ஏறி ரத்தம் வந்திருந்துச்சு. பேயறைஞ்ச மாதிரி நின்னாரு.

"தங்கச்சி, அது தம்பியோட பட்டை இல்ல."

எவர் வீட்டுச் சட்டையோ, நான் இஸ்திரிப் பெட்டியை எடுக்க மறந்து மஞ்சளாக் கருகிப் போச்சு.

அவர் சொன்னதை அப்படியே சொல்றேன். தகரப் பெட்டியில இருந்து கவசத்தை எடுத்தப்ப பட்டை ஒரு பக்கம் வெட்டுப்பட்டுக் கிடந்துச்சாம். தோல் கிண்ணத்தோட ஓரத்துல எலி கடிச்சிருந்துச்சாம். அதோட அந்தப் பட்டை ஓடு வருஷத்துதும் இல்லையாம், வேற வருஷ முத்திரை. சரியில்லாத சாமான்னு முடிவு கட்டி, அலைஞ்சு திரிஞ்சு, அதே வருஷத்துப் பட்டை ஒண்ணைக் கொண்டுவந்து மாட்டியிருக்காரு. பழசை இன்னொரு சேக்குறவருக்கு, வாரை மாட்டுற பக்கிளுக்காகத் தூக்கிக் குடுத்துட்டாரு. எல்லாம் அண்ணியைச் சந்தோஷப்படுத்தத்தான். அண்ணி அதை வாங்கினதும் கிண்ணத்துல விரலை வச்சு இதுலதான் தாடை இருந்துச்சுன்னு அழவும், இவருக்கு வாய் அடைச்சுப் போச்சு.

இத்தனை வருஷத்துல ஒரு நாள் கூடவா சொல்லத் தோணலைன்னு நான் கேட்டேன்.

"அவ தெனமும் காலையில அதைத் தொட்டுட்டுப் போறதை நீயும்தான் பார்த்திருக்கே. எந்தக் காலையில நான் சொல்றது?"

கருகின சட்டையை மடிச்சு ஓரமா வச்சுட்டு, வாங்கினவர்கிட்டயே போய்க் கேட்டுடுவோம், நானும் வர்றேன்னேன். 

மறுநாள் ஸ்கூட்டர்ல ரெண்டு பேரும் கெளம்பினோம். அண்ணிகிட்ட எனக்கு இருமல்னு சொல்லிக்கிட்டோம். பழைய பட்டையை வாங்கினவர் மருந்துக்கடை வச்சிருக்கிறவர்தான், அதனால பொய்யும் ரொம்ப தூரம் போகல. முன்னாடி அவர் வீட்டம்மா கல்லாவுல இருந்தாங்க. பின்ரூம்ல இருமல் மருந்துப் பெட்டிகளுக்கு நடுவுல அவரோட கவசங்க. மருந்துக்கடைக்காரரு நல்ல சிரிச்ச முகம். அண்ணன் விஷயத்தைச் சொன்னதும் அந்தச் சிரிப்பு போயிடுச்சு. எலி கடிச்ச பட்டைதானே, ஞாபகம் இருக்குன்னாரு. பக்கிளை மட்டும் அறுத்து எடுத்து ஒரு கவசத்துல மாட்டி, அந்தக் கவசமும் கைமாறிக் கடல் தாண்டிப் போயிடுச்சு. தோலும் வாரும் குப்பைக்குப் போயிடுச்சு. நமக்குள்ள எல்லாரும் செய்யிறதுதானேன்னாரு. அண்ணன் தலையை ஆட்டினாரு. அவரும் எத்தனை பட்டையை அப்படிக் கிழிச்சுப் போட்டிருப்பாரோ.

நாங்க வெளிய வர்றப்ப மருந்துக்கடைக்காரரு பின்னாலயே வந்தாரு. அதே காலத்துத் தோல் துண்டு ஒண்ணு, வார் ஒரு முழம், ஒரு பக்கிள், மூணையும் காகிதத்துல சுத்தி அண்ணன் பையில திணிச்சாரு. நீதான் தைக்கத் தெரிஞ்சவன், இன்னொண்ணு செஞ்சுடு, டீத்தண்ணியில ஊறவச்சுக் காய வச்சா பெத்தவனுக்கே அடையாளம் தெரியாதுன்னு காதுல சொன்னாரு. சேக்குறவங்க நடுவுல அதைவிடப் பெரிய பாவம் கெடையாது. போலி செஞ்சு அசல்னு குடுத்தவனை அப்புறம் வாசப்படி ஏத்த மாட்டாங்க. இதை நான் சொன்னேன்னு மட்டும் வெளிய சொல்லிடாதேன்னாரு பாவம். நல்ல மனுஷன்தான்.

எனக்கு அந்த யோசனை ரொம்பப் பிடிச்சுது. பழைய பட்டை இத்தனை நாளும் பட்டறையில பத்திரமா இருந்துச்சுன்னு அண்ணிகிட்டச் சொல்லிடலாமே. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறது கஷ்டம்தான், ஆனா இங்க பூசணிக்காயை மறைச்சு வருஷக்கணக்காச்சு, இனி இலையை மூடினாப் போதும்னு வழியெல்லாம் ஓதிக்கிட்டே வந்தேன். அண்ணன் ரோட்டைப் பார்த்தே வண்டியை ஓட்டினாரு.

அண்ணி சந்தைக்குப் போயிருந்த நேரமாப் பார்த்துத் தைச்சாரு. நானும் கடையை விட்டுட்டுப் போய் நின்னுக்கிட்டேன். குத்தூசியால தோல்ல ஓட்டை போட்டு, மெழுகு நூலைக் கோத்து, ஒவ்வொரு தையலையும் இழுத்துக் கட்டைவிரல் நகத்தால அமுத்தி அமுத்தி விட்டாரு. பழைய தையல் எந்த எடத்துல கோணலாப் போயிருந்துச்சோ, அதே எடத்துல கோணலாக்கினாரு. ஒரு தடவை பார்த்துக் கழட்டின சாமானை இத்தனை வருஷம் கழிச்சு விரல்ல வச்சிருந்தாரே, அதை நான் என்னன்னு சொல்ல? அப்புறம் வாரை ஒரு பக்கம் கத்தரிச்சாரு. எலி கடிச்ச அச்சுதான் வரல. குறடு வச்சு அமுத்திப் பார்த்தாரு, ஊசியால கீறிப் பார்த்தாரு. எலிப் பல்லு சின்னதாச் சேர்ந்து விழும், அந்தப் பட்டையில அகலமா, தள்ளித் தள்ளியில்லையா இருந்துச்சுன்னு அவரே முணுமுணுத்துக்கிட்டாரு. கடைசியில என்ன தோணுச்சோ, தோலோட ஓரத்தை வாயில வச்சு அழுத்திக் கடிச்சாரு.

எடுத்துப் பார்த்தவரு அப்படியே உக்காந்துட்டாரு.

"எலி இல்ல, தங்கச்சி. இது ஆளு கடிச்சது."

அதனால என்ன, இன்னும் நல்லதாப் போச்சு, அச்சு அசலா வந்துடுச்சுன்னு நான் சொன்னேன். அவர் அதை ஃபோம் குப்பைக்குள்ள வீசினாரு. நான் எடுக்கக் குனிஞ்சேன், எடுக்காதேன்னுட்டாரு.

"சும்மா ஒருத்தன் தோலைக் கடிப்பானா? ஒண்ணு வலி, இல்லாட்டி பயம். யாரோ அப்படிக் கடிச்சதை நான் உக்காந்த எடத்துல கடிச்சு அவ கையில குடுக்கவா?"

அந்த மனுஷனைத் தொப்பி தொப்பின்னு கேலி பண்ணினதுக்கு அன்னைக்கு என் மனசு என்னைக் குத்துச்சு. ஆனாலும் விடல. அப்ப அண்ணிகிட்ட இன்னைக்கே சொல்லிடுங்கன்னேன். சொல்றேன்னாரு. சனிக்கிழமை பூரா பார்த்தேன், மென்னு மென்னு முழுங்கினாரே தவிர ஒரு வார்த்தை வரல. அண்ணி வேற, ஜன்னல் திரையைத் தோய்க்கக் குடுத்து, தரையைத் தேய்ச்சுக் கழுவி, தம்பியைப் பத்தி ஒருத்தர் பேச வர்றாருன்னு கல்யாண வீடு மாதிரி ஓடிக்கிட்டு இருந்தாங்க. அந்த முகத்தைப் பார்த்துட்டு எவன் வாயைத் தொறப்பான்?

ஞாயித்துக்கிழமை மழை இல்ல. வேன்காரரு சொன்ன நேரத்துக்கு வந்துட்டாரு. வெள்ளை முடி, இஸ்திரி போட்ட சட்டை. நல்ல இஸ்திரி, அதையும் சொல்லணும். அண்ணியைப் பார்த்ததும் அக்கான்னாரு. தம்பி உங்களைப் பத்தியேதான் பேசுவான்னாரு. அண்ணி சாப்பாடு எடுத்து வைக்கப் போனாங்க. அவர் வேண்டாம், முதல்ல பார்த்துடுறேன், பார்த்துட்டா எனக்குச் சாப்பாடு எறங்குமா எறங்காதான்னு தெரிஞ்சுடும்னாரு. ஒத்தாசைக்குன்னு வந்த நான் அடுப்படி வாசல்ல கரண்டியோட நின்னேன்.

அண்ணி ரெண்டு கையாலயும் கவசத்தை எடுத்து வந்து, மேசையில துண்டை விரிச்சு வச்சாங்க. வேன்காரரு கண்ணாடியைத் தொடைச்சு மாட்டிக்கிட்டு, கவசத்தைத் திருப்பி, நேரா தாடைக் கிண்ணத்தைப் பிடிச்சாரு. ஓரத்தைச் சுத்தி விரலை ஓட்டினாரு. திரும்பவும் ஓட்டினாரு. அண்ணன் பட்டறைப் பக்கத்துக் கதவுல சாஞ்சு நின்னாரு, முகத்துல ஈயாடல.

"இது அந்தப் பட்டை இல்லைக்கா."

அண்ணி சிரிச்சாங்க. தம்பியோடதுதான், அம்மாவுக்கு அப்புறம் என்கிட்டத்தான் இருக்குன்னாங்க. வேன்காரரு தலையை ஆட்டினாரு. கவசத்தை மெதுவாக் கீழ வச்சாரு.

"அப்ப மாத்தித்தான் அனுப்பியிருக்காங்க. அறுந்து போனதாலதான் மாத்தியிருப்பாங்க. நான் நெனச்சது சரியாப் போச்சு."

அப்புறம் சொன்னாரு. குரல் ஏத்தாம, வேன் ஓட்டிக்கிட்டே பேசுறவர் மாதிரி சொன்னாரு. அவருக்குக் குதிக்கிறதுன்னா பயம். யாருக்கும் தெரியாது, தம்பிக்கு மட்டும் தெரியும். விமானத்துல கதவு தொறக்கிற வரைக்கும் தாடைக் கிண்ணத்தை வாய்க்கு இழுத்துக் கடிச்சுக்கிட்டே உக்காந்திருப்பாரு. ஒரு நாள் சாமான் சோதனைன்னு திடீர்னு வந்து நின்னுட்டாங்க. பல் பதிஞ்ச பட்டையைப் பார்த்தா பயந்தாங்கொள்ளின்னு படையை விட்டே அனுப்பிடுவாங்க. கையும் ஓடல காலும் ஓடல. தம்பி ஒண்ணும் கேக்காம தன்னோட பட்டையைக் கழட்டி இவர்கிட்டக் குடுத்துட்டு, இவரோடதைத் தன் கவசத்துல மாட்டிக்கிட்டாரு. அதிகாரி கேட்டதுக்கு, பசிச்சுது கடிச்சேன்னு சொன்னாராம். சமையல்கட்டுல அண்டா கழுவுற தண்டனை. கழுவிட்டு வந்து சிரிச்சாராம். திருப்பிக் குடுன்னு கேட்டதுக்கு, உன் பல்லு பட்ட பட்டை, இதுதான் எனக்கு ராசின்னுட்டாராம்.

"காத்தடிச்ச அன்னைக்கு நான் காய்ச்சல்ல படுத்திருந்தேன். தலையில அடின்னு மட்டும்தான் சொன்னாங்க. நான் கடிச்சுக் கடிச்சு நைஞ்சு போன தோலு. அது அறுந்து, கவசம் கழண்டு போயித்தான் அவனுக்குத் தலையில பட்டுச்சோன்னு... அது ஒண்ணைத் தெரிஞ்சுக்கத்தான் வந்தேன். தெரிஞ்சுக்கிட்டேன்."

எழுந்திரிச்சாரு. அண்ணி கவசத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாங்க. அண்ணன் பேசாம இருந்திருந்தா அதோட முடிஞ்சிருக்கும். அண்ணன் பண்ணினது அண்ணிக்குத் தெரிஞ்சிருக்காது.  யாரோ ஒரு அதிகாரி மாத்தினதுன்னு போயிருக்கும். அந்தப் பழி வேன்காரர் தலையில உக்காந்தே கெடந்திருக்கும், அவ்வளவுதான். நான் கரண்டியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன். சத்தியமாச் சொல்றேன், அண்ணன் வாயை மூடிக்கிட்டு இருக்கணும்னு நான் வேண்டிக்கிட்டேன்.

"உக்காருங்க. அறுந்து போகல. மாத்தினது நான்தான்."

அண்ணி திரும்பினாங்க. அண்ணன் அவங்களைப் பார்க்காம, பார்த்தா நின்னுடுவோம்னு தெரிஞ்சு, வேன்காரரையே பார்த்து எல்லாத்தையும் சொன்னாரு. பெட்டியைத் தொறந்தது, எலி கடிச்சதுன்னு நெனச்சது, வருஷம் ஒத்துவரலன்னு கழட்டினது, கைமாத்தினது, அது குப்பைக்குப் போனது. எதையும் பூசி மெழுகல. வேன்காரரு நம்பல. எனக்காகச் சொல்றீங்கன்னாரு. பார்க்காத பட்டையை எப்படி நம்புறதுன்னாரு. அதுவும் நியாயம்தானே.

அண்ணன் பட்டறைக்குள்ள போயி பழைய வார் ரெண்டு துண்டு கொண்டு வந்தாரு. ஒண்ணைக் கத்தியால லேசாக் கீறிவிட்டு, காலால மிதிச்சுக்கிட்டு ரெண்டு கையாலயும் இழுத்தாரு. நரம்பு பொடைக்க இழுக்கவும் அது பிஞ்சு வந்துச்சு. இன்னொண்ணைக் கத்தரிக்கோலால வெட்டினாரு. ரெண்டையும் துண்டு மேல பக்கத்துல பக்கத்துல வச்சாரு.

"தொட்டுப் பாருங்க. பிஞ்சது இழை இழையாத் தொங்கும், ஒண்ணு நீளமா ஒண்ணு குட்டையா. வெட்டினது ஒரே மட்டமா நிக்கும். நான் பார்த்தது மட்டமா நின்னுச்சு. பக்கிளுக்கு மேல, காதுப் பக்கம். பக்கிள் போட்டது போட்டபடி துருப்பிடிச்சு இறுகியிருந்துச்சு, எண்ணெய் விட்டுத்தான் அவுத்தேன். ஆஸ்பத்திரியில கவசத்தைக் கழட்ட முடியாமக் கத்தரிச்சிருக்காங்க. கழட்ட முடியலன்னா என்ன அர்த்தம்? கடைசி வரைக்கும் அது அவன் தலையை விடல. நீங்க கடிச்ச தோலு தாங்கிச்சு. பல் பதிஞ்ச எடம் நைஞ்சிருந்துச்சே தவிர ஒரு தையல் பிரியல. பொழுதுக்கும் தையலைப் பார்க்கிறவன் சொல்றேன்."

வேன்காரரு வெட்டின முனையில விரலை வச்சாரு. எடுக்கவே இல்ல. இன்னொரு தடவை சொல்லுங்கன்னாரு. அண்ணன் முதல்ல இருந்து இன்னொரு தடவை சொன்னாரு. பல் எங்கெங்க பதிஞ்சிருந்துச்சுன்னு சொன்னப்ப வேன்காரரோட கை தன்னால தன் வாய்க்குப் போச்சு. அப்புறம் அந்தப் பெரிய மனுஷன் மேசையில தலையைக் கவுத்துக்கிட்டாரு. நான் அழுதேன், அதுல என்ன வெட்கம்.

அண்ணி அழல. பானையில இருந்து சோறு எடுத்து வச்சாங்க, முட்டையைப் பொரிச்சு வச்சாங்க, சாப்பிடுங்கன்னாங்க. அவர் சாப்பிட்டாரு. ரெண்டாந்தரம் போட்டப்பவும் வேண்டாம்னு சொல்லல. அண்ணன் தட்டுக்கும் போட்டாங்க. ஆனா அண்ணன் பக்கம் பார்க்கல. அண்ணன் தலை குனிஞ்சபடி பிசைஞ்சுக்கிட்டே இருந்தாரு.

கெளம்புறப்ப வேன்காரரு சட்டைப் பையில இருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரிச்சாரு. தம்பி கழட்டிக் குடுத்த பட்டை. ஓரத்துல ஒரு கீறல் இல்ல. படையை விட்டு வர்றப்ப கவசத்தைத் திருப்பிக் குடுத்தவரு இதை மட்டும் குடுக்கலையாம். இது அவனோடது, அவன் கவசத்துலயே இருக்கட்டும்னு அண்ணி முன்னால வச்சாரு. அண்ணன் கண்ணு அதுல போய் விழுந்ததை நான் பார்த்தேன். அதே வருஷம், அதே ஆளு, அதே கவசம். சேக்குறவங்க ஆயுசு பூரா தேடினாலும் கிடைக்காத பொருத்தம் அது. அவரு கையை நீட்டல.

அண்ணி கிண்ணத்துல ரெண்டு விரலை வச்சாங்க. நெறைய நேரம் வச்சிருந்தாங்க. அப்புறம் அதை எடுத்து வேன்காரரோட உள்ளங்கையில வச்சு, அவர் விரலை மடக்கி விட்டாங்க.

"அவன் குடுத்ததை நாங்க திருப்பி வாங்கக் கூடாது, தம்பி. நீங்களே வச்சுக்கோங்க."

அவர் போன பிறகு அண்ணி மேசையைத் தொடைச்சாங்க. நானும் நைசா நழுவிடலாம்னு பார்த்தேன், ஆனா கழுவ வேண்டிய பாத்திரம் கெடந்துச்சு, கால் நகரல. அண்ணி கவசத்தைக் காட்டி, "இதைக் கழட்டுங்க"ன்னாங்க. அண்ணன் திருப்புளியை எடுத்து, தான் தேடி அலைஞ்சு மாட்டின அந்த நல்ல பட்டையைக் கழட்டினாரு. வேற ஒண்ணு மாட்டணுமான்னு கேக்கவும் அவருக்குத் தைரியம் இல்ல. பட்டை இல்லாம கவசம் மொட்டையா உக்காந்திருந்துச்சு.

"எலி கடிச்சதுன்னு நெனச்சீங்களாக்கும்" அப்படின்னாங்க அண்ணி. திட்டுறாங்களா என்னன்னு எனக்குப் புரியல. அண்ணன் ஆமான்னாரு.

அண்ணி நாற்காலியை இழுத்து அவருக்கு எதிர்ல போட்டு உக்காந்தாங்க, மிஷினுக்கு முன்னால உக்காருற மாதிரி நிமிர்ந்து. அப்புறம் முகத்தை அவர் பக்கமா ஏந்தினாங்க.

"நான் அதைப் பார்க்கவே இல்லையே. நீங்கதானே பார்த்தீங்க. அந்தப் பல்லு எங்க இருந்துச்சு? காட்டுங்க."

அண்ணன் திருப்புளியைக் கீழ வச்சாரு. கையை வேட்டியில தொடைச்சுக்கிட்டாரு. விரலை நீட்டி, அண்ணியோட தாடைக்குக் கீழ, இடது பக்கமாத் தொட்டாரு.

"இங்க ரெண்டு" அப்படின்னாரு. விரலைக் கொஞ்சம் நகர்த்தினாரு. "இங்க ஒண்ணு."